பயப்பட வேண்டியது இரண்டு துளை அவுட்லெட்டைப் பார்த்து அல்ல

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அவரும் கணவரும் 1956-ல் கட்டிய ஒரு வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். பின்பக்கத்து அறை 1970 வாக்கில் சேர்த்துக் கட்டியது. சமையலறையை 2008-ல் புதுப்பித்ததாக விற்பவர் தரப்பு சொல்கிறது. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு மூன்று வயது. மாமியார் வருஷத்தில் பாதி நாள் இவர்களோடுதான். கிரைண்டரும் மிக்ஸியும் தினமும் ஓடுகிற வீடு. இந்த நிலையில் ஹோம் இன்ஸ்பெக்டர் அனுப்பிய அறிக்கையின் மின்சாரப் பகுதி அவர்களைக் கலங்க வைத்திருக்கிறது.

அறிக்கையில் இருப்பது இவ்வளவு. படுக்கையறைகளில் கிரவுண்ட் (ஊரில் எர்த் என்பது) இல்லாத இரண்டு துளை அவுட்லெட்டுகள்: "இந்த வயது வீடுகளில் வழக்கமானது, மேம்படுத்துவதைப் பரிசீலிக்கவும்." ஹாலிலும் சமையலறையிலும் சில மூன்று துளை அவுட்லெட்டுகளில் ஓபன் கிரவுண்ட், அதாவது துளை இருந்தும் கிரவுண்ட் இணைப்பு இல்லை: "பாதுகாப்புக் குறைபாடு, லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்." சமையல் மேடை அவுட்லெட்டுகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) பாதுகாப்பு இல்லை. குளியலறையில் ஜி.எஃப்.சி.ஐ. உண்டு, ஆனால் அவுட்லெட்டில் செருகிப் பார்க்கும் டெஸ்டரால் சோதித்தபோது ட்ரிப் ஆகவில்லை, அதாவது இணைப்பைத் துண்டிக்கவில்லை. துணி துவைக்கும் இடத்தில் ஓர் அவுட்லெட்டில் ஹாட்டும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) இடம் மாறியிருக்கின்றன. கடைசியாக, சாப்பாட்டு அறையில் ஒன்று: டெஸ்டர் 'சரி' என்று காட்டியும், "பொய்யான கிரவுண்டாக இருக்கலாம், திறந்து பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறார்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்களாம். "பழைய வீடென்றால் இப்படித்தான், சட்டப்படி எதையும் மாற்ற வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவார்கள்" என்கிறார் ஏஜென்ட். "கடையில் மூன்று துளை அவுட்லெட் வாங்கி ஒரே வாரயிறுதியில் நானே மாற்றிவிடுவேன்" என்கிறார் கணவர். கோவையில் வயரிங் வேலை தெரிந்த அண்ணன், தோட்டத்தில் ஒரு எர்த் கம்பி அடித்து இணைத்தால் போதும் என்கிறார். டெஸ்டரே சரி என்று காட்டியதை இன்ஸ்பெக்டர் சந்தேகப்படுவது ஏன் என்பது சகோதரியின் கேள்வி. பேரம் பேச இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. வீட்டை விட்டுவிடலாமா, விற்பவரைச் சரிசெய்யச் சொல்லலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வீட்டை விட்டு ஓட வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதற்காக உங்கள் ஏஜென்ட் சொல்வதுபோல் தள்ளிவிடவும் முடியாது. உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் படுக்கையறையின் இரண்டு துளை அவுட்லெட்டுகளைப் பற்றித்தான் கவலை. சமையலறையின் ஓபன் கிரவுண்டையும் சாப்பாட்டு அறையின் சந்தேகத்தையும் ஒவ்வொரு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அந்தக் கவலையை அப்படியே இடம் மாற்றி வைப்பேன். இரண்டு துளை அவுட்லெட் தன்னிடம் கிரவுண்ட் இல்லை என்பதைப் பார்க்கிறவருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மூன்று துளை இருந்தும் பின்னால் கிரவுண்ட் இல்லாத அவுட்லெட் உங்களை ஏமாற்றுகிறது. கிரைண்டரின் மூன்று முள் பிளக்கை அது தடையில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆபத்து வருகிற நாளில் அந்த மூன்றாவது முள்ளால் எந்தப் பயனும் இருக்காது.

அறிக்கையைப் படிக்கிற விதம்

நானும் இதே மாநிலத்தில் லைசென்ஸ் பெற்று இதே வேலையைச் செய்கிறவன் என்பதால் முதலில் இதைச் சொல்கிறேன். ஹோம் இன்ஸ்பெக்டர் செய்வது கண்ணால் பார்த்துச் சொல்லும் ஆய்வு. சுவரை உடைப்பதில்லை, அவுட்லெட்டைக் கழற்றிப் பார்ப்பதும் வழக்கமில்லை. வீடு இன்றைய மின்சார விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர் பொறுப்பில் வராது. எல்லா அவுட்லெட்டையும் அவர் சோதிப்பதில்லை என்பதும் முக்கியம். ஆஷி (அமெரிக்க ஹோம் இன்ஸ்பெக்டர்கள் சங்கம்) போன்ற தொழில் அமைப்புகளின் நடைமுறை விதிகளே, மாதிரிக்குப் போதுமான எண்ணிக்கையைச் சோதித்தால் போதும் என்றுதான் சொல்கின்றன. சோஃபாவுக்குப் பின்னால் இருப்பதையும், பொருள் செருகியிருப்பதையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆகவே "ஹாலில் இரண்டு, சமையலறையில் மூன்று" என்று அறிக்கையில் இருந்தால் மொத்தமே ஐந்துதான் என்று கணக்குப் போடாதீர்கள். அவை கண்ணில் பட்டவை. மற்றவையும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுவதுதான் சரி.

"எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்" என்ற வரியை ஏஜென்ட் சொல்வதுபோல் தற்காப்பு என்று நினைக்காதீர்கள். ஆய்வாளரின் வேலை அந்த இடத்தில் முடிகிறது, அடுத்த வேலை தொடங்குகிறது. அந்த அடுத்த வேலை உங்கள் ஐந்து நாளுக்குள் நடந்தால்தான் பேரத்துக்கு உதவும். வீட்டுக்குக் குடிபோன பிறகு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தால் அவர் கண்டுபிடிக்கிற ஒவ்வொன்றும் உங்கள் செலவு.

வார்த்தைகளின் எடையையும் கவனியுங்கள். "வழக்கமானது, பரிசீலிக்கவும்" என்பது ஒரு தரம். "பாதுகாப்புக் குறைபாடு" என்பது வேறு தரம். உங்கள் ஆய்வாளர் இரண்டையும் பிரித்துத்தான் எழுதியிருக்கிறார். நிதானமாக எழுதப்பட்ட அறிக்கை அது.

"பழைய வீடு, மாற்ற வேண்டியதில்லை" என்பது பாதி உண்மை

அமெரிக்காவின் தேசிய மின்சார விதித்தொகுப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. புதிய வீடுகளில் எல்லா அவுட்லெட்டும் கிரவுண்டோடு மூன்று துளையாக இருக்க வேண்டும் என்பது 1962 பதிப்பில் வந்தது. உங்கள் வீடு 1956. அப்போது படுக்கையறையில் இரண்டு துளை வைத்தது அன்றைய விதிப்படி சரி. விதி மாறியதற்காக யாரும் வந்து அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டார்கள். ஏஜென்ட் இதுவரை சரியாகத்தான் சொல்கிறார்.

ஆனால் 1956-ல் வைத்ததற்கு மட்டும்தான் அந்தச் சலுகை. ஹாலில் இருக்கும் மூன்று துளை அவுட்லெட் 1956-ல் வைத்ததாக இருக்க வாய்ப்பில்லை. பிறகு யாரோ பழைய இரண்டு கம்பி வயரிலேயே புதிய முகத்தை மாட்டியிருக்கிறார்கள். மாற்றிய நாளின் விதி அதற்குப் பொருந்தும். கிரவுண்டும் இல்லாமல் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பும் இல்லாமல் மூன்று துளையை மாட்டுவதை விதி அனுமதிப்பதில்லை. சமையலறையும் அதேபோலத்தான். சிங்க்குக்கு அருகிலுள்ள மேடை அவுட்லெட்டுகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. 1987 பதிப்பிலேயே வந்தது; 1996-ல் மேடையின் எல்லா அவுட்லெட்டுக்கும் என்று விரிந்தது. 2008-ல் சமையலறையைப் புதுப்பித்தவர்கள் மேடை வயரிங்கைத் தொட்டிருந்தால் இது இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேலைக்கு டவுன்ஷிப்பில் பெர்மிட் எடுத்தார்களா, யாராவது பரிசோதித்து முடித்து வைத்தார்களா என்று கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஓப்ரா எனப்படும் பொதுப் பதிவேடுகள் சட்டத்தின் கீழ் அந்த முகவரியின் பெர்மிட் வரலாற்றை டவுன்ஷிப்பிடம் கேட்டு வாங்கலாம். இன்றே விண்ணப்பம் போடுங்கள். பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் வழக்கறிஞர் மூலம் விற்பவரிடமும் நேரடியாகக் கேளுங்கள்.

மூன்றாவது துளை எதற்கு

கிரவுண்ட் கம்பி மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பி வைக்கத்தான் இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அண்ணன் சொல்லும் எர்த் கம்பி யோசனையும் அங்கிருந்துதான் வருகிறது. வீட்டுக்குள் அந்தக் கம்பியின் முதல் வேலை வேறு. கிரைண்டருக்குள் ஒரு ஹாட் கம்பி அறுந்து உலோக உடம்பைத் தொட்டால், அந்த மின்சாரம் தடையில்லாத ஒரு செம்புக் கம்பி வழியே பேனலுக்கு (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டிக்கு) திரும்ப வேண்டும். பேனலில் கிரவுண்டும் நியூட்ரலும் சேர்ந்திருப்பதால் ஒரே நொடியில் பெரிய மின்னோட்டம் பாய்ந்து பிரேக்கர் விழும். அப்படித்தான் கிரவுண்ட் உயிரைக் காக்கிறது.

தோட்டத்தில் கம்பி அடித்து அவுட்லெட்டோடு இணைத்தால் என்ன ஆகும்? மண் வழியே திரும்பும் பாதையின் எதிர்ப்பு 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல மண் என்றே சொல்ல வேண்டும். 120 வோல்ட்டை 25-ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். உங்கள் பிரேக்கர் 15 ஆம்பியர். அது விழாது. கிரைண்டரின் உடம்பு மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். யாராவது தொடுவார்கள். அமெரிக்க விதித்தொகுப்பு மண்ணை மட்டும் இந்தத் திரும்பும் பாதையாக நம்பக் கூடாது என்று சொல்வது இதனால்தான். ஊரில் எர்த் குழி வைக்கும் வீட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதனால்தான் அங்கே மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யையும் சேர்த்து வைக்கிறார்கள். அண்ணனிடம் அதைக் கேட்டால் அவரே ஒத்துக்கொள்வார்.

120 வோல்ட்தானே, ஊரின் 230-ஐவிடக் குறைவுதானே என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று தொடுகிறவருக்கு 120 போதும். 15 ஆம்பியர் பிரேக்கர் மனிதரைக் காக்க வைத்ததும் இல்லை. அது வயரைக் காக்கிறது.

ஜி.எஃப்.சி.ஐ. மனிதரைக் காக்க வைத்தது. ஹாட்டில் போகும் மின்சாரத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது, கல்லாவில் போட்டதையும் எடுத்ததையும் கணக்குப் பார்க்கும் கடைக்காரரைப்போல. 4 முதல் 6 மில்லிஆம்பியர் அளவு கணக்கு இடித்தாலே, அது ஒருவர் உடம்பு வழியே போகிறதோ என்று எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். இதற்குக் கிரவுண்ட் கம்பியே தேவையில்லை. பழைய வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

குளியலறையில் 'ட்ரிப் ஆகவில்லை' என்று எழுதியிருப்பதற்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. கையில் பிடிக்கும் டெஸ்டரின் பொத்தான், கொஞ்சம் மின்சாரத்தைக் கிரவுண்டுக்குக் கசியவிட்டுச் சோதிக்கிறது. கிரவுண்ட் இல்லாத இடத்தில் கசிய வழியில்லை, ஜி.எஃப்.சி.ஐ. நன்றாக இருந்தாலும் விழாது. அந்த அவுட்லெட்டின் மேலேயே இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு விழுந்தால் சாதனம் வேலை செய்கிறது, கிரவுண்ட்தான் இல்லை. அதற்கும் விழவில்லை என்றால் சாதனம் போய்விட்டது. எதை அழுத்திப் பார்த்தார் என்று ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அறிக்கை கொடுத்த பிறகு வாடிக்கையாளர் சந்தேகம் கேட்பது எங்களுக்குத் தொந்தரவே இல்லை, கேட்பவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

சாப்பாட்டு அறை: டெஸ்டர் சரி என்றும் ஆய்வாளர் சந்தேகப்பட்டது ஏன்

உங்கள் அறிக்கையில் நான் மிகவும் மதிக்கிற வரி இது. மூன்று விளக்கு டெஸ்டர், கிரவுண்ட் துளையும் நியூட்ரல் துளையும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. அவை எங்கே இணைந்திருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. பேனலில் இணைந்திருந்தால் அது உண்மையான கிரவுண்ட். அவுட்லெட்டின் பின்னாலேயே ஒரு சின்னத் துண்டு வயரால் நியூட்ரல் திருகையும் பச்சைத் திருகையும் யாராவது இணைத்திருந்தாலும் டெஸ்டர் அதே 'சரி'யைக் காட்டும். இதைத்தான் பூட்லெக் கிரவுண்ட் என்கிறார்கள். வீடு விற்கும் முன் ஆய்வில் தப்பிக்க இதைச் செய்கிறவர்கள் உண்டு. செய்தவருக்கே ஆபத்து தெரியாமல் செய்ததும் உண்டு.

ஆபத்து இதுதான். அந்தச் சர்க்யூட்டில் எங்காவது நியூட்ரல் இணைப்பு தளர்ந்து கழன்றால், செருகியிருக்கும் சாதனத்தின் உலோக உடம்புக்கு 120 வோல்ட் வந்துவிடும். சாதனத்தில் பழுதே இருக்காது. பிரேக்கரும் விழாது. இன்னும் மோசமான வகை, ஹாட்டும் நியூட்ரலும் இடம் மாறிய அவுட்லெட்டில் இதே துண்டு வயரைப் போடுவது. அப்போது சாதனத்தின் உடம்பு எந்நேரமும் மின்சாரத்தோடு இருக்கும். டெஸ்டர் அதற்கும் 'சரி' என்றே காட்டும். கிரவுண்டே இல்லாத அவுட்லெட்டைவிட இவை இரண்டும் கெட்டவை.

பக்கத்து அறைகளில் இரண்டு துளை, பேனலுக்குள் போவது இரண்டு கம்பி வயர், நடுவில் ஒரு அவுட்லெட் மட்டும் பூரண ஆரோக்கியம் என்றால் அனுபவமுள்ள ஆய்வாளர் சந்தேகப்படத்தான் செய்வார். உறுதிசெய்ய ஒரே வழி, பிரேக்கரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிப் பார்ப்பது. சில நிமிட வேலை. விற்பவரின் அனுமதி வேண்டும், அதை எழுத்தில் கேளுங்கள். வீடு இன்னும் உங்களுடையது இல்லை என்பதால் நீங்களோ கணவரோ திறக்க வேண்டாம். துண்டு வயர் இருந்தது என்றால், மற்ற 'சரி'களையும் நம்ப முடியாது. எல்லா மூன்று துளை அவுட்லெட்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

துணி துவைக்கும் இடத்தில் ஹாட்டும் நியூட்ரலும் மாறியது சிறிய வேலை. டெஸ்டர் அந்தக் குறையைச் சொல்ல முடிந்ததே, அங்கே ஏதோ ஒரு கிரவுண்ட் இருப்பதற்கு அறிகுறி. ஆனால் மாறியது அந்த அவுட்லெட்டிலா, அதற்கு முன்னால் உள்ள இணைப்பிலா என்று பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

எப்படிச் சரிசெய்யலாம்

கிரவுண்ட் இல்லாத பழைய அவுட்லெட்டை மாற்றும்போது விதித்தொகுப்பு மூன்று வழிகளை ஏற்கிறது. மறுபடியும் இரண்டு துளை அவுட்லெட்டையே மாட்டலாம். அங்கே ஜி.எஃப்.சி.ஐ. அவுட்லெட்டை மாட்டி, 'கிரவுண்ட் இல்லை' என்ற ஸ்டிக்கரை ஒட்டலாம். அல்லது மூன்று துளை அவுட்லெட்டை மாட்டி, அதற்கு முன்னால் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு கொடுத்து, 'ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு உண்டு, கிரவுண்ட் இல்லை' என்று இரண்டையும் ஒட்டலாம். ஒரு சர்க்யூட்டின் முதல் அவுட்லெட்டில் சரியாக இணைத்தாலோ பேனலில் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் வைத்தாலோ அதற்குப் பின்னால் உள்ள அத்தனைக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடும். அவுட்லெட் வகையாக வாங்கினால் ஒன்று சுமார் 20, 30 டாலர். சுவரை உடைக்க வேண்டாம். ஸ்டிக்கர் அசிங்கமாக இருக்கிறது என்று பிய்த்துப் போடாதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் வாழ்கிறவருக்கு உண்மையைச் சொல்வது அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான்.

ஆகவே உங்கள் கணவரின் யோசனையில் தவறு இருப்பது ஒரு இடத்தில்தான்: வெறும் மூன்று துளையை மட்டும் மாற்றுவது. இப்போது அறிக்கையில் பாதுகாப்புக் குறைபாடு என்று எழுதப்பட்டிருப்பதை வீடு முழுக்கப் பரப்புவதாக அது ஆகிவிடும். ஜி.எஃப்.சி.ஐ.யோடு செய்தால் அது நல்ல வழி. நியூ ஜெர்சியில் தான் குடியிருக்கும் தனி வீட்டில் உரிமையாளரே பெர்மிட் எடுத்து மின்வேலை செய்ய இடமுண்டு. எதற்கு பெர்மிட் வேண்டும் என்பதை டவுன்ஷிப் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

ஆனால் ஜி.எஃப்.சி.ஐ. கிரவுண்டுக்கு முழு மாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஆளைக் காக்கும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிரையர், டிஷ்வாஷர், சம்ப் பம்ப், கம்ப்யூட்டர் போன்றவை உண்மையான கிரவுண்டோடுதான் இணைக்கப்பட வேண்டும் என்று விதித்தொகுப்பு தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறது. சர்ஜ் ப்ரொடெக்டரும் கிரவுண்ட் இல்லாத அவுட்லெட்டில் தன் வேலையை முழுசாகச் செய்யாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் என்றால் அந்த மேசைக்கு உண்மையான கிரவுண்ட் வேண்டும்.

என் கணக்கில் உங்கள் வீட்டுக்குச் சமையலறை, துணி துவைக்கும் இடம், வேலை மேசை மூன்றுக்கும் பேனலிலிருந்து கிரவுண்டோடு புதிய வயர். குளியலறைக்கும் மேடைக்கும் ஜி.எஃப்.சி.ஐ.; படுக்கையறைகளுக்கும் ஹாலுக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்போடு புதிய அவுட்லெட். கீழே பேஸ்மென்ட் திறந்திருந்தால் முதல் தளத்துக்கு வயர் இழுப்பது அவ்வளவு கடினம் இல்லை. வீடு முழுக்க ரீவயரிங் என்பது பல ஆயிரம் டாலர் சமாச்சாரம். அறிக்கையில் இதுவரை சொன்னது எதுவும் அதைக் கட்டாயமாக்கவில்லை. வயரின் மேலுறை பொடிந்து உதிர்கிறது, கருகிய தடம் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் அப்போது யோசிக்கலாம்.

"சுவருக்குள் உலோகப் பெட்டி இருக்கிறது, அதிலேயே கிரவுண்ட் வருகிறது" என்று எலக்ட்ரீஷியன் சொல்லக்கூடும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பி.எக்ஸ். எனப்படும் உலோகச் சுருள் உறை போட்ட வயர் நிறைய உண்டு. டெஸ்டர் அதைக் கிரவுண்ட் என்றே காட்டும். உறைக்குள் கூடவே ஓடும் மெல்லிய பிணைப்புப் பட்டை 1959-க்குப் பிறகுதான் கட்டாயமானது. பட்டை இல்லாத பழைய உறை, பழுது மின்னோட்டம் பாயும்போது தானே பழுக்கச் சூடாகலாம். பட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் திணறாமல் பதில் சொல்பவரை வேலைக்கு வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: 1970 அறை

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது இந்தப் பின்னறைதான். 1965-க்கும் 1973-க்கும் இடையில் பல வீடுகளில் செம்புக்குப் பதிலாக அலுமினிய வயர் போட்டார்கள். வயரைவிட அது அவுட்லெட்டில் வந்து சேரும் திருகுதான் பிரச்சினை. காலப்போக்கில் தளர்ந்து, சூடேறி, தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும். 1972-க்கு முன் அலுமினிய வயரிங் செய்த வீடுகளில் ஏதாவது ஒரு இணைப்பாவது தீ அபாய நிலையை அடையும் வாய்ப்பு செம்பு வீடுகளைவிட 55 மடங்கு என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அந்த அறையின் அவுட்லெட்டுகளில் மூன்று துளையும் கிரவுண்டும் சரியாக இருக்கலாம், டெஸ்டரும் சரி என்று காட்டலாம். இது அதில் தெரியாது. அறிக்கையில் 'கிளை வயரிங்: செம்பு' என்று எழுதியிருந்தாலும் பின்னறைக்கும் சேர்த்தா என்று ஆய்வாளரிடம் கேளுங்கள். அலுமினியம் என்றால் பயந்து ஒதுங்க வேண்டாம். முழுதாக மாற்றுவதைத் தவிர, கோபாலம், அலுமிகான் என்ற இரண்டு இணைப்பு முறைகளை ஆணையம் ஏற்கிறது. அவுட்லெட்டை மட்டும் அலுமினியத்துக்கு ஏற்ற வகையாக மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடமும் இதை முன்கூட்டியே சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

இந்த ஐந்து நாளில்

முதலில் நாள் கணக்கு. நியூ ஜெர்சியில் வழக்கறிஞர் பரிசீலனைக்கு மூன்று வேலை நாள் என்பது நீங்கள் கடந்துவிட்ட கட்டம். இப்போது ஓடுவது ஒப்பந்தத்தில் ஆய்வுக்கென்று எழுதிய கெடு. அது எப்போது முடிகிறது, எழுத்தில் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் இன்றே உறுதிசெய்யுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஒப்பந்த வரிகளுக்கு அவர் சொல்வதே முடிவு. கெடு தாண்டினால், எவ்வளவு நியாயமான கோரிக்கையும் வெறும் வேண்டுகோளாகிவிடும். எலக்ட்ரீஷியன் வர நாளாகும் என்றால் கெடுவை நீட்டிக்கக் கேட்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியனை நீங்களே தேர்ந்தெடுத்து அழையுங்கள், செலவு உங்களுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆய்வு செய்தவரே "நானே சரிசெய்து தருகிறேன்" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். தான் ஆய்வு செய்த வீட்டில் ஓராண்டுக்குள் காசு வாங்கிப் பழுதுபார்க்கக் கூடாது என்பது ஆஷியின் நெறிமுறை.

அப்புறம், விற்பவரிடம் கேட்கும் விதம். "மின்சாரக் குறைகளைச் சரிசெய்து தரவும்" என்று ஒரு வரியில் எழுதினால், அவர் மலிவான ஆளைப் பிடித்து நாலு துண்டு வயரைப் போட்டு எல்லா அவுட்லெட்டிலும் டெஸ்டரைச் 'சரி' சொல்ல வைத்துவிட முடியும். அப்படிச் செய்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கோரிக்கையில் இவை இருக்கட்டும்: வேலையை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரிகல் காண்ட்ராக்டர் செய்ய வேண்டும், டவுன்ஷிப் பெர்மிட் எடுத்து இறுதிப் பரிசோதனை முடிந்ததற்கான தாள் தர வேண்டும், எந்த அவுட்லெட்டில் கிரவுண்டையும் நியூட்ரலையும் இணைக்கக் கூடாது, எந்த அறைக்கு உண்மையான கிரவுண்ட், எந்த அறைக்கு ஜி.எஃப்.சி.ஐ. என்று இடம் குறிப்பிட வேண்டும். குளோசிங்குக்கு (வீடு கைமாறும் நாளுக்கு) முன் உங்கள் எலக்ட்ரீஷியன் மறுபடி பார்க்க அனுமதி வேண்டும்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் பழுதுபார்க்கச் சொல்ல மாட்டேன். எலக்ட்ரீஷியனின் எழுத்து மதிப்பீட்டை வைத்து அந்தத் தொகையைக் கிரெடிட்டாக, அதாவது நான் கட்ட வேண்டியதில் கழிவாகக் கேட்பேன். வீட்டைவிட்டுப் போகிறவருக்கு வேலை நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறை இருக்கக் காரணமில்லை, உங்களுக்கு இருக்கிறது. கடன் கொடுக்கும் வங்கி எவ்வளவு கிரெடிட்டை அனுமதிக்கும் என்று மட்டும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். எழுபது வயது வீட்டில் இரண்டு துளை அவுட்லெட்டுகளுக்காகப் பணம் கேட்டால் விற்பவர் சிரிக்கலாம், அதை விட்டுக்கொடுத்தாலும் குறையில்லை. பொய்யான கிரவுண்ட், 2008 சமையலறை, துவைக்கும் இடத்து வயரிங் மூன்றிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அலுமினியம் உறுதியானால் அதிலும்தான்.

அவர் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும், செலவை நீங்கள் தாங்க முடியுமானால் வீட்டை வாங்கலாம். சாவி கிடைத்ததும் வீட்டுச் சாமான் உள்ளே வருவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அனுப்புங்கள். காலி வீட்டில் பாதி நேரத்தில் வேலை முடியும். அதுவரை மாமியாரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: மூன்று முள் பிளக்கை இரண்டு துளையில் செருக உதவும் அந்தச் சின்ன அடாப்டரை எந்தக் கடையில் பார்த்தாலும் வாங்க வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுவதாக இருந்தால் அதுவும் கிரவுண்ட் உள்ள அவுட்லெட்டில் மட்டும். மாற்றுகிற ஒவ்வொரு அவுட்லெட்டும் குழந்தைகள் எதையும் செருக முடியாத டேம்பர்-ரெசிஸ்டன்ட் வகையாக இருக்கட்டும். வீடுகளுக்கு 2008 பதிப்பிலிருந்து விதியே அதுதான். உங்கள் சின்னவனுக்கு மூன்று வயது என்பதால் அவன் தூங்கும் அறையில் அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.